பதினெட்டு வயது நிறையும் நாளுக்கு முன்பே

சிறுவர் பெயரில் தொடங்கப்பட்ட சேமிப்புக் கணக்கை வங்கியின் கணினி மறப்பதில்லை. கணக்கின் உரிமையாளருக்கு 18 வயது நிறைந்ததும், அதுவரை கையெழுத்திட்டு வந்த தந்தையையோ தாயையோ ஏற்பதை அது நிறுத்திவிடுகிறது. புதிய கையொப்பமும் நிழற்படமும் ஆவணங்களும் கேட்கிறது. பெரும்பாலான குடும்பங்களில் இது மகிழ்ச்சியான சிறு சடங்கு. கல்லூரியில் சேர்ந்த மகன் வந்து நான்கு இடங்களில் கையெழுத்திட்டு, ஏடிஎம் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமையோடு போவான். சில குடும்பங்களில் அந்த நாள் அப்படி அமைவதில்லை.

செகந்திராபாதில் ஒரு கிளையில் நான் பணியாற்றிய காலம் அது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அந்தப் பகுதியில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு தாய், சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த தம் மகளுடன் வந்தார். மகளுக்குப் பெருமூளை வாதம். கைகால்கள் அவர் எண்ணியபடி இயங்குவதில்லை. பேச்சு, பழகியவர்களுக்கு மட்டுமே விளங்கும். சில வாரங்களுக்கு முன்புதான் 18 வயது நிறைந்திருந்தது. பாட்டனார் அவர் பெயரில் போட்டுவைத்த வைப்புத்தொகை முதிர்ந்துவிட்டது. கல்லூரி திறப்பதற்குள் அந்தப் பணத்தைக் கொண்டு பேட்டரியில் இயங்கும் சக்கர நாற்காலி ஒன்று வாங்கவேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

நான் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெண் மேஜராகிவிட்டார் அம்மா. இனி நீங்கள் பாதுகாவலர் இல்லை. நீதிமன்றத்தில் ஆணை பெற்று வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் மேசைக்கு எதிரே இருவர் இருந்தார்கள். நான் ஒருவரிடம் மட்டுமே பேசினேன்.

வழக்கறிஞரைத் தேடியும் ஆவணங்களைத் திரட்டியும் அவர்களுக்கு ஐந்து மாதங்கள் ஓடின. கல்லூரி திறந்தது, நாற்காலி வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பெண் படித்த சிறப்புப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் அவர்களுடன் கிளைக்கு வந்தார். கையில், ரிசர்வ் வங்கி 2007 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின் நகல் இருந்தது. பெருமூளை வாதம் போன்ற சில குறைபாடுகள் உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் அமைந்த குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்பது அதன் சாரம். அதை நான் அதற்கு முன் படித்ததே இல்லை.

எங்கள் முதுநிலை மேலாளர் அதை வாங்கிப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் தம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "உன் விருப்பம் என்னம்மா?" என்று கேட்டார். மடிமேல் இருந்த எழுத்துப் பலகையில் அவர் விரல் மெல்ல ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டது. சில நிமிடங்கள் ஆயின. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கலாமா என்று அவர் கேட்டிருந்தார்.

வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ வாடிக்கையாளர்கள் தலைமுறைகளாக அப்படித்தான் கணக்கு நடத்துகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நீதிமன்ற ஆணையும் வேண்டியிருக்கவில்லை, குழுவின் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை. தம் பணத்தைப் பற்றித் தாமே முடிவெடுக்க அவரால் முடியும். அதை யாரும் அவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவை அந்த ஐந்து மாதங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். நமது வாடிக்கையாளர் குடும்பங்களிலும் அத்தகைய இளையோர் இருப்பார்கள். பள்ளிப் பருவம் வரை அவர்களுக்காகப் பெற்றோர் செய்யாதது எதுவுமில்லை. ஆனால் 18 வயது நிறையும்போது சட்டமும் பணமும் எப்படித் திசைமாறுகின்றன என்பதை அந்த நாள் வந்த பிறகுதான் பலர் அறிகிறார்கள்.

யாருக்குப் பாதுகாவலர் தேவை?

இந்தியாவில் 18 வயது நிறைந்தவர் மேஜர். குறைபாடு இருப்பதனால் இதில் மாற்றமில்லை. இயற்கைப் பாதுகாவலர் என்னும் பெற்றோரின் உரிமை அன்றோடு முடிகிறது. எவ்வளவு அன்போடு வளர்த்திருந்தாலும், மகனின் கணக்கிலிருந்து அவர்கள் தாமாகப் பணம் எடுக்க முடியாது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. குறைபாடுள்ள பிள்ளைக்குத் தாங்கள் ஆயுள் முழுவதும் பாதுகாவலர் என்பது பெற்றோர் பலரின் எண்ணம். குறைபாடு என்றாலே பாதுகாவலர் வேண்டும் என்பது வங்கி ஊழியர் சிலரின் எண்ணம். நான் இரண்டாம் வகையில் இருந்தவன்.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இதில் தெளிவாகப் பேசுகிறது. அதன் 13-ஆம் பிரிவின்படி, மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளிகளும் சொத்து வைத்திருக்கலாம். பரம்பரைச் சொத்தைப் பெறலாம். தம் பண விவகாரங்களைத் தாமே கவனிக்கலாம். வங்கிக் கடன் பெறலாம். அவருக்கு முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் குடும்பத்தினரோ நண்பரோ துணைநிற்கலாம். அப்படித் துணைநிற்பவருக்கு ஒரு குறிப்பிட்ட பணப் பரிமாற்றத்தில் சொந்த நலன் குறுக்கிட்டால், அந்த விஷயத்தில் மட்டும் அவர் விலகி நிற்கவேண்டும். துணை வேண்டாம் என்றோ, வேறொருவர் துணை வேண்டும் என்றோ சொல்லும் உரிமையும் மாற்றுத்திறனாளிக்கே உண்டு. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை நடக்கும் வீடுகளில் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஆகவே, பார்வையற்றவருக்கோ, செவித்திறன் குறைந்தவருக்கோ, கைகால் இயக்கம் குறைந்தவருக்கோ அந்தக் காரணத்துக்காகப் பாதுகாவலர் தேவையில்லை. பார்வையற்ற வாடிக்கையாளர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, இணைய வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம், சில்லறைக் கடன் எதையும் குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-இலேயே கூறிவிட்டது. கைகளே இல்லாதவர் கால் பெருவிரல் ரேகை வைத்துக் கணக்குத் தொடங்கலாம். கையொப்பம் இடுபவரின் உடலுக்கும் அந்தக் குறிக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் போதும் என்பதே அடிப்படை.

கைபேசி வழியே கணக்குத் தொடங்கும்போது, கேமராவைப் பார்த்துக் கண்சிமிட்டச் சொல்லும் சோதனையில் பார்வையற்றவர்களும், அமிலத் தாக்குதலால் கண்கள் சிதைந்தவர்களும் தோற்றுப்போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, வாடிக்கையாளரை அறியும் நடைமுறைகள் அனைவருக்கும் ஏற்றவையாக அமையவேண்டும் என்று நீதிமன்றம் 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. உங்கள் மகளின் விண்ணப்பத்தைக் கைபேசிச் செயலி நிராகரித்தால் அதையே முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டாம். கிளைக்கு வாருங்கள்.

குழுவின் சான்றிதழ்

எந்த உதவி கிடைத்தாலும் பணத்தைப் பற்றி முடிவெடுக்க இயலாத இளையோரும் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. அவர்களுக்குப் பாதுகாவலர் தேவை. ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போகவேண்டியதில்லை.

அந்தக் குழுவும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா என்பது. அடுத்தது, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்பது. இந்த இரண்டு கேள்விகளும் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டுள்ளன. நடைமுறையில் இவை படிவத்தோடு படிவமாகக் கடந்துபோய்விடக்கூடும். விண்ணப்பிக்கும் பெற்றோர் தாமே இவற்றை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பாதுகாவலர் நியமனம் பெற்றவருக்குக் கடமைகளும் உண்டு. நியமனமான 6 மாதங்களுக்குள் அந்த இளைஞரின் சொத்து, கடன் பட்டியலைக் குழுவிடம் தரவேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்குக் காட்டவேண்டும். பெற்ற பிள்ளைக்குச் செலவு செய்ததற்குக் கணக்கா என்று சில தாய்மார்கள் மனம் நோவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் நாளை அந்தப் பொறுப்பு ஒரு சித்தப்பாவுக்கோ மைத்துனருக்கோ போகும்போது, பிள்ளைக்குக் காப்பாக இருப்பது இந்தக் கணக்குதான். சுமை குறைய ஒரு வழி உண்டு: மகனுக்கு வரும் பணமும் மகனுக்காகச் செய்யும் செலவும் அவன் பெயரிலுள்ள ஒரே கணக்கின் வழியே நடக்கட்டும். வங்கி அறிக்கையே பாதிக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடும்.

இந்த நான்கு வகைக்குள் வராதவர்களுக்கு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு குறித்த அதிகாரியோ வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அந்த நபரின் விருப்பத்தைத் தழுவி நடப்பது அது.

பதினான்கிலிருந்து பதினெட்டு வரை

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் பெற்றோரின் கவனம் தேர்விலும் சிகிச்சையிலும் மூழ்கிவிடுகிறது. பணம் கையாளக் கற்பிக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. கடைக்குப் போனால் ஆபத்து, ஏமாற்றிவிடுவார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. மற்றப் பிள்ளைகள் பத்து வயதில் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தொலைத்துக் கற்றுக்கொள்வதை, இந்தப் பிள்ளைகள் கற்கும் வாய்ப்பே வருவதில்லை. தொலைப்பதற்கும் ஒரு வயது இருக்கிறது.

நான் கண்டவரை, பழக்கத்தால் மாறாத இளையோர் குறைவு. வாரம் ஒருமுறை கையில் 50 ரூபாய் கொடுத்து, ஒரே கடையில், ஒரே பொருளை வாங்கச் சொல்லுங்கள். மீதி சரியாக வருகிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டாம். கொடுப்பதும் பெறுவதும் பழகட்டும். பிறகு பொருளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் ஓரங்களில் மேலெழும்பிய கோடுகள் இருப்பதையும், 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும் 500 ரூபாய்த் தாளில் வட்டமும் தடவி அறியும்படி அச்சிடப்பட்டிருப்பதையும் காட்டிக் கொடுங்கள். ரூபாய்த் தாளைக் கைபேசியின் கேமராவால் அறிந்து குரலில் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்டது. தாள் அசலா போலியா என்பதை அது சொல்லாது.

10 வயது நிறைந்த சிறுவர், வங்கி வகுக்கும் வரம்புக்குள், தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 14, 15 வயதில் மாதம் ஒருமுறை கிளைக்கு அழைத்து வந்து, அவர்கள் கையாலேயே 200 ரூபாய் எடுக்கச் செய்யும் பெற்றோர் சிலரை எனக்குத் தெரியும். காசாளருக்கும் அந்த முகம் பழகிவிடும். 18 வயதில் அந்தப் பிள்ளை இங்கே புதியவர் இல்லை.

இதே காலத்தில் கவனிக்க வேண்டியது குறைபாட்டுச் சான்றிதழ். குழந்தைப் பருவத்தில் தரப்பட்டவற்றுள் பல, காலவரம்பு உள்ளவை. 18 வயதை ஒட்டிப் புதுப்பிக்கத் தவறினால், மேற்படிப்பு இடஒதுக்கீடு முதல் வருமானவரிச் சலுகை வரை எல்லாம் தடைப்படும். தனித்துவ அடையாள அட்டையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதால் உதவித்தொகை திரும்பிப்போனதை நான் கண்டிருக்கிறேன்.

பள்ளி முடிந்த பிறகு பகல் முழுவதும் என்ன செய்வது என்ற கேள்வி, பணக் கேள்வியைவிடப் பெரியது. கட்டணமில்லாப் பள்ளிக் கல்விக்கான சட்ட உறுதி 18 வயதோடு நிற்கிறது. உயர்கல்வியில் 5 விழுக்காடும், அரசுப் பணிகளில் 4 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. அவற்றை எட்ட இயலாதவர்களுக்கு, தேசிய அறக்கட்டளையின் 'விகாஸ்' பகல்நேர மையங்கள் போன்றவை இருக்கின்றன. செகந்திராபாதிலும் சென்னை முட்டுக்காட்டிலும் உள்ள தேசிய நிறுவனங்கள் பயிற்சியும் ஆலோசனையும் தருகின்றன. ஆயினும் மையங்கள் எண்ணிக்கையில் போதாதவை. எல்லா ஊர்களிலும் இல்லை. இதில் நமக்கு வீண் நம்பிக்கை வேண்டாம்.

எங்களுக்குப் பிறகு

எந்த உரையாடலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. பெற்றோர் தாழ்ந்த குரலில், பெரும்பாலும் பிள்ளை அருகில் இல்லாதபோது கேட்பார்கள்.

மகனை வாரிசுதாரராக, அதாவது நாமினியாக, நியமித்துவிட்டோம். அது போதுமென்று நினைப்பவர்கள் பலர். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர். பணம் சட்டப்படி யாருக்குச் சேரும் என்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமும்தான் முடிவு செய்யும். பணத்தைக் கையாள இயலாத இளைஞர் நாமினியாக இருந்து, அவருக்குப் பாதுகாவலரும் இல்லையென்றால், பணம் வங்கியிலேயே கிடக்கும். எனவே, முதலில் பாதுகாவலர் தேவையா என்று முடிவு செய்யுங்கள். பிறகு உயில் எழுதி, அதை நிறைவேற்றுபவரின் பெயரைக் குறியுங்கள். சொத்து சற்றுப் பெரிதானால், பிள்ளையின் நலனுக்காக ஒரு தனியார் அறக்கட்டளை அமைக்கலாம். அதற்கு வழக்கறிஞரின் துணை வேண்டும்.

மூத்த மகளின் பெயரில் எல்லாவற்றையும் எழுதிவைத்து, தம்பியை அவள் பார்த்துக்கொள்வாள் என்று நிம்மதி அடையும் குடும்பங்கள் உண்டு. பார்த்துக்கொள்வாள்தான். ஆனால் அவளிடம் கேட்டீர்களா? அவளுக்கும் திருமணமும் பணியிட மாற்றமும் நோயும் கடனும் வரலாம். தம்பியின் பணம் தம்பி பெயரில் இருப்பது அவளுக்கும் பாதுகாப்பு.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒன்றைத் தவறாமல் செய்யவேண்டும். தம் வருவாயால் வாழ இயலாத, குறைபாடுள்ள பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் வேறு வருமானம், அவருக்கு உரிய குடும்ப ஓய்வூதியத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் போதும் என்று 2021 பிப்ரவரியில் விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் பெயரை, தாம் வாழும் காலத்திலேயே ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடலாம். மனநலக் குறைபாடுள்ள பிள்ளைக்காகத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் நபரையும் ஓய்வூதியரே எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுதியிருக்கும்போது நீதிமன்றச் சான்றிதழ் கேட்டு வங்கிகள் அலையவிடக்கூடாது என்று ஓய்வூதியத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. தந்தையின் மறைவுக்குப் பின் இவற்றையெல்லாம் தொடங்கினால், துக்கத்தோடு மருத்துவக் குழு, அலுவலகம், வங்கி என்று அலைச்சலும் சேரும்.

வரியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கு, 80டிடி என்று நாம் அறிந்த சலுகையின்கீழ் 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருந்தால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. முன்பெல்லாம் இதற்குரிய காப்பீட்டுத் திட்டங்களில் தொகை, பெற்றோர் இறந்த பிறகே பிள்ளைக்குக் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதன் கடுமையைச் சுட்டிக்காட்டியது. 2022-இல், பெற்றோர் 60 வயதை எட்டியதும் அவர்கள் வாழும்போதே தொகை பெறலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவச் செலவுக்கு, தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு மேற்சொன்ன நான்கு வகையினருக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவும். வயது வரம்போ முன்மருத்துவப் பரிசோதனையோ இல்லை.

சட்ட ஆவணங்களோடு இன்னொன்றையும் வையுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். எந்த மருந்து எந்த வேளை, எந்த மருத்துவர், இடி இடித்தால் அவன் எங்கே போய் ஒளிவான், தயிர்ச்சோற்றில் கறிவேப்பிலை இருந்தால் ஏன் தட்டைத் தள்ளுவான், யாரைக் கண்டால் சிரிப்பான் என்றெல்லாம் எழுதுங்கள். ஒரு தந்தை அத்தகைய நோட்டின் நகலைத் தம் பெட்டகத்தில் உயிலோடு சேர்த்து வைத்தார். ஆண்டுதோறும் வந்து சில வரிகளைத் திருத்திவிட்டுப் போவார். மகன் கறிவேப்பிலை சாப்பிடத் தொடங்கிவிட்டான் என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

இவை குறித்துப் பேசக் கிளைக்கு வருவதானால், பிள்ளைக்கு 17 வயது நடக்கும்போதே வாருங்கள். மாதத் தொடக்கத்தின் கூட்டம் ஓய்ந்த பிறகு, பிற்பகல் வேளை ஏற்றது. குறைபாட்டுச் சான்றிதழ், ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, பழைய கணக்குப் புத்தகம், இரண்டு நிழற்படங்கள் போதும். முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் சக்கர நாற்காலி வர வழிசெய்து வைப்போம். மகனையோ மகளையோ வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம். அவர்களிடமும் சில கேள்விகள் கேட்கவேண்டியிருக்கும்.